சம்பந்திக்கு விட்ட வரிசை

ஷிம்கென்ட் நகரத்திலேயே வரிசையைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால், ஜாண்டோஸ் கொஞ்சமும் கூச்சப்படாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான். அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் ஒன்பது வருடமாக டோக்கன் கொடுக்கிறவன் அவன். "சும்மா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்று நுழையப் பார்க்கிறவர்கள், மாமனார் பெயரைச் சொல்கிறவர்கள், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. அதனால் ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆறு வயது அயாலாவையும் மூன்று வயது எர்சினையும் துல்பார் பூங்காவுக்குத் தனியாகக் கூட்டிப்போகும் பொறுப்பு தன் தலையில் விழுந்தபோது அவன் பயப்படவில்லை. பயந்திருக்கலாம்.

மனைவி ஷோல்பான் பள்ளிக்கூடச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அயாலாவுக்கு முதல் வகுப்பு தொடங்குகிறது. தலையில் கட்டுகிற வெள்ளை நாடா மட்டும் நாலு முழம் தைக்கவேண்டியிருந்தது.

"நேராப் போங்க. குதிரை ஆட்டத்துக்கு வரிசையில நில்லுங்க. உள்ள போங்க, பாருங்க, வாங்க. நடுவுல யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்காதீங்க" என்றாள்.

"நான் எதுக்குப் பேச்சுக் கொடுக்கப்போறேன்?"

"அதைத்தான் நானும் எட்டு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பறக்கும் குதிரை ஆட்டம் ஜூன் மாதமே துல்பார் பூங்காவுக்கு வந்துவிட்டது. அயாலா அன்றிலிருந்து குதிரையைத் தவிர வேறு எதையும் வரையவில்லை. ஜூனில் ஒருநாள் செருப்புகூடப் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் பீரோவை இறக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார். ஜாண்டோஸ் இரண்டு கையையும் கொடுத்தான். ஜூலையில் பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டார்கள், அலுவலக நண்பன் ஒருவன் காரை நிறுத்தி, "எங்க வீட்டு விசேஷத்துக்கு வராம எங்க போற?" என்றான். ஜாண்டோஸுக்கு 'மாட்டேன்' என்ற சொல் மட்டும் வாயில் வராது. மற்ற சொற்கள் எல்லாம் தேவைக்கு மேலேயே வரும். இன்றோடு ஆட்டம் முடிகிறது, நாளைக்குக் குதிரைகள் லாரி ஏறிவிடும். இதையெல்லாம் அயாலா ஒரு புகாராகவும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அப்பா, நாம நிஜமாவே உள்ள போவோமா, இல்ல போயிட்டு வருவோமா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டதும் அவனுக்குச் சுருக்கென்றது. "முதல் வரிசையில உட்கார வைக்கிறேன் பாரு" என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தான்.

பகல் பன்னிரண்டுக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, இரண்டே ஆட்டம். கூடத்தில் முந்நூறு இருக்கை. முதலில் வருகிறவர்களுக்கு இடம், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குப் பத்தரைக்கே போய்விட்டார்கள். ஜாண்டோஸ் வரிசையின் வாலுக்குப் போய், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊர்க்காரர்கள் ரொட்டிக் கடையிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"யார் கடைசி?"

"நான்தான்" என்றாள் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண்.

"அப்போ உங்களுக்கு அடுத்தது நான்."

முடிந்தது. இனி அவன் அங்கே நிற்கவேண்டிய அவசியமே இல்லை. சொல் நிற்கும். உடம்பு எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். இது தெரியாமல் வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிற சிலரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பிள்ளைகளை ராட்டினத்துக்குக் கூட்டிப்போனான். ராட்டினம், ஐஸ்கிரீம், எர்சின் சட்டையில் கொட்டிய ஐஸ்கிரீமைக் கழுவக் குழாயடி, பிறகு மறுபடி ஐஸ்கிரீம். பதினொன்றே முக்காலுக்குத் திரும்பியபோது மஞ்சள் தொப்பியைக் காணோம்.

"யாருக்குப் பின்னாடி நின்னீங்க?" என்று கேட்டார் ஒரு மீசைக்காரர்.

"மஞ்சள் தொப்பி போட்ட அக்காவுக்குப் பின்னாடி."

"அப்படி யாரும் இங்க இல்லையே. அந்த அம்மா யாருக்குப் பின்னாடி?"

அதை ஜாண்டோஸ் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாள் பூங்காவில் நாலு வரிசைகளில் இதேபோலச் சொல்லிவைத்துவிட்டுக் கடைசியில் எதற்கும் வராமல் வீட்டுக்குப் போய்விட்டாளாம். இல்லாத ஆளுக்குப் பின்னால் இல்லாத இடத்தில் ஜாண்டோஸ் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கிறான். ஒன்பது வருட அனுபவம்! பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குக் கதவு மூடிக்கொண்டது.

"போயிட்டு வந்துட்டோமா அப்பா?" என்று கேட்டாள் அயாலா.

"இல்லடா கண்ணு. நாலு மணி ஆட்டம் இருக்கு. இப்பவே நின்னுடலாம். இந்தத் தடவை நகரவே மாட்டேன்."

சொன்னபடி நகரவில்லை. வெறிச்சோடியிருக்கும் என்று நினைத்த கம்பித் தடுப்புக்குள் நாற்பது ஐம்பது பேருக்குள் இடம் பிடித்தால் போதும் என்று பார்த்தான். ஆனால் புத்திசாலிகள் எங்கும் இருக்கிறார்கள். பகல் ஆட்டத்தில் இடம் கிடைக்காத அத்தனை பேரும் கலையாமல் அப்படியே நாலு மணி வரிசையாக மாறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய வாலில்தான் இவனுக்கு இடம் கிடைத்தது. இவனுக்குப் பின்னால் தடித்த கண்ணாடியும் பெரிய பையுமாக ஒரு பள்ளி ஆசிரியை, ஐந்து வயதுப் பேத்தியோடு வந்து நின்றாள். பெயர் கூல்பராம்.

மூன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் ஒரு மூன்று வயதுப் பையனை நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எர்சின் முதல் பத்து நிமிடம் நின்றான். பிறகு உட்கார்ந்தான். பிறகு படுத்தான். படுத்தபடியே முன்னால் நின்றவருடைய செருப்பைக் கழற்றினான். கம்பியை நக்கினான். காய்ந்த தயிருருண்டை ஒன்றைக் கொடுத்தால் அது உப்புக் கரிக்கிறது என்று துப்பினான். துப்பியதைத் திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "குதிரை எங்க?" என்று நூறு தடவை கேட்டான். "வருது" என்று நூறு தடவை பதில் சொன்னான் ஜாண்டோஸ். நூற்றியோராவது தடவை, "நீ வாயை மூடினாத்தான் வரும்" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை என்று அப்போது தோன்றவில்லை.

அயாலா வேறு மாதிரி. கம்பியை ஒரு கையால் பிடித்தவள் விடவே இல்லை. வெயில் நெற்றியில் அடித்தது. பேரிக்காய்ச் சாறு விற்கிறவன் ஐஸ் மிதக்கும் குவளையோடு வந்தபோது ஜாண்டோஸ் ஒன்று வாங்கி நீட்டினான். அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"குடிடா, நாக்கு வறண்டு போச்சு பாரு."

"வேணாம். குடிச்சா ஒண்ணுக்கு வரும். போனா இடம் போயிடும்."

சாற்றை அவனே குடித்தான்.

மனைவியின் பேச்சை அவன் கேட்டிருந்தால் கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் மூன்றரை மணி நேரம் பேசாமல் இருக்கிற ஆளா அவன்? ஆசிரியையிடம் ஆரம்பித்தான். வரிசை என்பது என்ன, அதன் தர்மம் என்ன, நடுவில் ஆள் சேர்க்கிறவர்களை எப்படி முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், ஒரு கூட்டத்தைக் கண்ணால் பார்த்தே எத்தனை தலை என்று தான் எப்படிச் சொல்லிவிடுவான் என்றெல்லாம் பாடம் எடுத்தான்.

"நடுவுல ஒருத்தனைச் சேர்த்தா என்ன ஆகும் தெரியுமாக்கா? பின்னாடி நிக்கிற ஒவ்வொருத்தர் பாக்கெட்லயும் கைவிட்ட மாதிரி."

"ரொம்பச் சரி தம்பி. என் கிளாஸ் பசங்களுக்கு வந்து இதைச் சொல்லுங்களேன்" என்றாள் கூல்பராம்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. முதுகில் துணிச் சிறகு கட்டிய ஒரு பெண், கையில் எண்ணும் கருவியை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டாள். வரிசை நகர்ந்தது. ஜாண்டோஸ் எர்சினைத் தரையிலிருந்து பெயர்த்துத் தோளில் போட்டான். இன்னும் முப்பது பேர். இருபது. பத்து. அயாலாவின் கை சில்லென்று இருந்தது. "அப்பா, உள்ள தெரியுது!" என்றாள். அவள் அப்படிக் கத்திக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு, நம்ம சின்னச் சம்பந்தி மாதிரி இருக்கே!"

திரும்பிப் பார்த்தான். சாட்சாத் சம்பந்தியேதான். தங்கை நாஸிமின் மாமனார் துர்லிபெக், துல்கிபாஸ் பக்கம் குதிரை வளர்க்கிறவர், குதிரையில் ஏறி ஏறி வளைந்த கால். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு சம்பந்தியம்மா. நாலு பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் பின்னால், தலையில் துணி கட்டி, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நாஸிம். கல்யாணமாகி மூன்றே மாதம்.

சம்பந்தி என்றால் சும்மாவா? ஜாண்டோஸ் ஒரு கையால் எர்சினைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, பாதி குனிந்து, ஆடு மாடு சுகமா, பிள்ளைகுட்டி சுகமா, பாதையெல்லாம் சௌகரியமா என்று ஒரு மூச்சு விசாரித்தான். அவர்கள் பள்ளிக்கூடச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தார்களாம். பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் கேட்டதால் பூங்காவுக்குள் நுழைந்தார்களாம்.

"குதிரை ஆட்டம் பார்க்க வரலையா? இதோ, என் இடம் இருக்கு. முன்னாடி வாங்க சம்பந்தி" என்றான் ஜாண்டோஸ்.

சம்பந்தி சிரித்தார். "ஐயோ வேணாம்பா. அறுபது வருஷமாக் குதிரைக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருக்கேன். டவுனுக்கு வந்தும் அதையே பார்க்கணுமா? நீ போ, பிள்ளைங்க பார்க்கட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேறு யாராக இருந்தாலும், "சரிங்க சம்பந்தி, வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பான். ஆனால் சம்பந்தியை ஒரு தடவை கூப்பிடுவது கூப்பிடாததற்குச் சமம். நாளைக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், 'உங்க அண்ணன் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டார்' என்று பேச்சு வந்தால் நாஸிம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அவன் தங்கையைப் பார்த்தான். புது மருமகள், மாமனார் எதிரில் வாய் திறக்கக்கூடாது. அவள் கண்ணை அகல விரித்து, தலையை ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்தாள். 'இன்னும் அழுத்திக் கூப்பிடு அண்ணா, என் மானம் உன் கையில்' என்று ஜாண்டோஸ் அதைப் படித்தான். 'விட்டுத் தொலை அண்ணா' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அவள் பிற்பாடு போனில் நாலு தடவை சொன்னாள்.

"அதெப்படி சம்பந்தி? உங்களை வெளிய நிக்க வச்சுட்டு நான் போய் உட்கார்ந்தா அந்தக் குதிரையே என்னை உதைக்கும்!"

"எனக்கு இருட்டுல உட்கார்ந்தா மூச்சு முட்டும்பா" என்றாள் சம்பந்தியம்மா.

"உள்ள ஜில்லுனு காத்து வருதும்மா!" உள்ளே காற்று வருகிறதா, புழுதி வருகிறதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாய் சொல்லிவிட்டது.

"வேணாம்னா விடேன் தம்பி" என்றார் சம்பந்தி, கொஞ்சம் கெஞ்சுகிற குரலில்.

ஜாண்டோஸ் மூன்றாவது தடவை கூப்பிட்டான். கூப்பிட்டதோடு நிற்காமல் கிழவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். மூன்றாவது தடவையும் மறுத்தால் மருமகளின் பிறந்த வீட்டை மதிக்காததாக ஆகிவிடும். சம்பந்தி அதையும் யோசித்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டு, "இவ்வளவு தூரம் சொல்ற... சரி, வாங்கடா" என்று பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"நில்லுங்க நில்லுங்க" என்றாள் ஆசிரியை. "ஏழு பேரா? தம்பி, என் பாக்கெட்ல யாரோ கைவிடற மாதிரி இருக்கே?"

"சம்பந்திங்க அக்கா! தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம்தான் ஆகுது!"

வரிசையின் முகமே மாறிவிட்டது. "சம்பந்தியா? முதல்லயே சொல்லக்கூடாதா? விடுங்கப்பா, விடுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். கூல்பராமும் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்தான். பையை நகர்த்தி வழிவிட்டாள்.

"கவலைப்படாதீங்கக்கா. உள்ள இன்னும் எழுபது இடமாவது இருக்கும். நான் பார்த்தாலே சொல்லிடுவேன்" என்றான் ஜாண்டோஸ்.

சிறகு கட்டிய பெண் எண்ணினாள். சம்பந்தி, டிக். சம்பந்தியம்மா, டிக். நாலு பேரப்பிள்ளைகள். கடைசியாக நாஸிம், போகிற போக்கில் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"முந்நூறு" என்றாள் அந்தப் பெண். சங்கிலியை இழுத்து மாட்டினாள்.

"என்னம்மா, இன்னும் மூணு பேருதான்..."

"ஒரு இடம்கூட இல்லைங்க. இதுதான் கடைசி ஆட்டம். நாளைக்குக் குதிரை ஊருக்குப் போகுது."

கதவு மூடிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் ஜாண்டோஸைத் திட்டினார்கள். வழிவிடச் சொன்னவர்தான் அதில் அதிகமாகத் திட்டினார். கூல்பராம் திட்டவில்லை. "எழுபது இடம்" என்று மட்டும் சொன்னாள். அவள் பேத்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழுகைக்குக் காரணம் தெரியாமலே எர்சினும் துணைக்குச் சேர்ந்துகொண்டான்.

அயாலா அழவில்லை. சங்கிலியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் சொல்லியிருப்பான்.

"அப்பா, அந்தத் தாத்தா வேணாம்னு சொன்னாரு இல்ல?"

"ஆமாடா, அது வந்து..."

"பாட்டியும் வேணாம்னு சொன்னாங்க. நான்தான் வேணும்னு சொன்னேன். ஜூன்லேர்ந்து சொல்றேன். அவங்க சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? நான் சொன்னது கேட்டுச்சா?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். ஒன்பது வருடமாக எத்தனையோ பேர் அந்த வாசலில் அவனைத் திட்டியிருக்கிறார்கள், சாபம்கூட விட்டிருக்கிறார்கள். அதெல்லாம் கால் தூசிக்குச் சமம். இந்தக் கேள்வியை மட்டும் உதற முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஊர் மெச்சவேண்டும் என்று யாருடைய பொருளை எடுத்து யாருக்குக் கொடுத்தோம் என்று நினைத்தபோது அந்தச் சங்கிலியிலேயே தலையை இடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உள்ளே பறை அதிர்ந்தது. யாருக்கும் கிளம்ப மனசில்லாமல் பத்துப் பதினைந்து பேர் கம்பியோரமே நின்றார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும். கதவு கொஞ்சமாகத் திறந்தது. இருமிக்கொண்டே சம்பந்தியம்மா வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால், கதறுகிற கடைக்குட்டிப் பேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சம்பந்தி.

"இவனுக்கு இருட்டுன்னா பயம். இவளுக்கு மூச்சு முட்டுது. எனக்கு மட்டும் அங்க என்ன வேலை?" என்றார் அவர். "மூணு இடம் காலியா இருக்கு சின்னச் சம்பந்தி. நீங்க மூணு பேரும் போங்க."

வானத்திலிருந்து விழுந்த வரம். அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடவேண்டாமா?

"ஐயையோ, அதெப்படி சம்பந்தி? நீங்க உட்காருங்க, நாங்க இருக்கோம்" என்றான் ஜாண்டோஸ்.

சத்தியமாக அவன் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. முதல் தடவை மறுக்கவேண்டும் என்று முப்பத்தைந்து வருடமாகப் பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழுந்தது.

"அவருக்கு வேண்டாமாம்" என்றாள் கூல்பராம், பேத்தியைத் தூக்கிக்கொண்டு. "தம்பி மூணு தடவை மறுக்கிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுடும். நாங்க போறோம் பெரியவரே."

ஜாண்டோஸின் உள்ளங்கையிலிருந்து அயாலாவின் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. அவள் கோபமாக உதறவில்லை. பிடித்துக்கொண்டிருக்க இனி ஒன்றும் இல்லை என்பதுபோல விட்டுவிட்டாள்.

"வேணும்!" என்று கத்தினான் ஜாண்டோஸ். பஞ்சு மிட்டாய்க்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு வேணும்! எனக்கு வேணும் சம்பந்தி! நாங்கதான் போகணும்! அக்கா, மன்னிச்சுக்குங்க, இது என் பொண்ணோட இடம்!"

சொன்ன சொல்லைத் தானே தின்றுவிட்டு, சம்பந்தி எதிரில், ஊர் பார்க்க, இடத்துக்காகக் கத்துகிற ஒருவனை அந்த வாசல் அதற்குமுன் பார்த்திருக்காது. ஜாண்டோஸின் அம்மா காதுக்கு இது ராத்திரிச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சம்பந்தி ஒரு கணம் திகைத்தார். பிறகு வளைந்த காலை அகட்டி வைத்து உரக்கச் சிரித்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இந்நேரம் நிழல்ல உட்கார்ந்திருப்பேனே" என்றார். சிறகு கட்டிய பெண் சங்கிலியைத் தூக்கினாள். ஜாண்டோஸ் ஒரு பிள்ளையை அக்குளில் இடுக்கி, இன்னொன்றைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். நாஸிமுக்கும் மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் அடுத்தாற்போல் எர்சின், பிறகு அயாலா, பிறகு அவன். எர்சின் இருக்கையின்மேல் ஏறி நின்று, வெளியே போனவனுக்கு மட்டும் பஞ்சு மிட்டாய் கிடைக்கப் போகிறதே என்று அழுதான். மூச்சு நிதானத்துக்கு வந்து ஜாண்டோஸ் நிமிர்ந்தபோது, நடைபாதைப் படியில் யாரோ வந்து நின்றார்கள். கூல்பராம். பேத்தியின் அழுகையைத் தாங்க முடியாமல், நின்றுகொண்டு பார்ப்பதானால் பாருங்கள் என்று சிறகு கட்டிய பெண் விட்டிருக்கிறாள். தோளில் பெரிய பை, இடுப்பில் பேத்தி. அவள் இவன் பக்கம் திரும்பவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பறை நின்றது. விளக்கு அணைந்தது. மேலே ஒரே ஒரு வெளிச்சத்தில், வெள்ளைக் குதிரை ஒன்று இரண்டு பக்கமும் சிறகு விரித்து இறங்கி வந்தது. முந்நூறு பேரும் ஒரே குரலில் ஆவென்றார்கள். எர்சின்கூட அழுகையை நிறுத்தினான். ஜாண்டோஸ் மகளின் முகத்தைப் பார்க்கத் திரும்பினான், இத்தனையும் அதற்காகத்தானே.

அயாலா குதிரையைப் பார்க்கவில்லை. தன் இருக்கையின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்தான். அவள் உடம்பு விறைத்தது. ஜாண்டோஸ் தன் இருக்கையை மட்டும் ஆசிரியைக்குக் காட்டிவிட்டு, நடைபாதைப் படியில் உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் தன் பாட்டுக்கு எதையாவது சொல்லிவைக்குமோ என்று பயந்து, இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான்.

அயாலா இன்னும் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். அவன் கை வாயிலிருந்து இறங்கப்போவதில்லை என்று நிச்சயமான பிறகு குதிரையின் பக்கம் திரும்பினாள்.